நாளைக்குத் தாரோம் அண்ணாச்சி: தொழில் வாடிக்கையாளர்களிடம் பாக்கி வசூலிக்க ஒரு முழு வழிகாட்டி

‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற பலகை எங்கள் அச்சகத்திலும் தொங்குகிறது. அப்பா காலத்தில் மாட்டியது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நான் இத்தனை வருடமாகக் கடனுக்கு பில் புக் அடித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர் பணத்தோடு வருவார். நகைக்கடை, நர்சிங் ஹோம், பள்ளிக்கூடம், ரைஸ்மில் என்று தொழில் நடத்துகிறவர்கள் வந்தால் ‘பில்லை அனுப்புங்க அண்ணாச்சி, போட்டு விட்டுருவோம்’ என்பார்கள். திருநெல்வேலி டவுனில் இருந்தாலும் சரி, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இருந்தாலும் சரி, கம்பெனிக்குச் சரக்கோ வேலையோ கொடுக்கிற சின்னக் கடைக்குக் கடன் கொடுக்காமல் பிழைப்பு ஓடாது. லேத் பட்டறை, வெல்டிங் கடை, சமையல் ஆர்டர் எடுப்பவர், கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லோருக்கும் இதே கதைதான்.

பல வருடம் நான் நினைத்திருந்தது, வசூல் என்பது போய்க் கேட்கிற சாமர்த்தியம் என்று. அப்படி இல்லை. வராமல் போன பணத்தை எல்லாம் திரும்ப எண்ணிப் பார்த்தால், ஆர்டர் எடுத்த அன்றோ சரக்கு இறக்கிய அன்றோ நான் விட்ட ஓட்டை வழியாகத்தான் அது போயிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, பணம் கேட்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

முதலில் தாமதத்தின் விலையைக் கணக்குப் போடுங்கள்

60,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். சிவகாசிக் காகிதம், பிளேட், மை, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 51,000 செலவு, லாபம் 9,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 10,800. பில் தொகை 70,800. வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அந்த 10,800-ஐ நம் ரிட்டர்னில் கட்டியாக வேண்டும். ஆக நம் கையிலிருந்து போனது 61,800. இதை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் நகையை வைத்துப் புரட்டினால் மாதம் 618. பணம் நான்கு மாதம் கழித்து வந்தால் 2,472 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். லாபத்தில் கால்வாசிக்கு மேல். காகிதக் கடைக்காரர் நம்மைத் துரத்துவது தனி.

இந்தக் கணக்கை ஒருமுறை பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டால் முகத்தாட்சண்யம் கொஞ்சம் குறையும். எனக்குக் குறைந்தது.

ஆர்டர் எடுக்கும் மேசையில் செய்ய வேண்டியவை

புது வாடிக்கையாளரிடம் முதலில் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பில் போட எப்படியும் வேண்டும், தயங்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்னை எந்தத் தேதியில் தாக்கல் செய்திருக்கிறார் என்று தெரியும். லாகின் தேவையில்லை. அரசாங்கத்துக்கே மூன்று மாதம் தாமதமாக ரிட்டர்ன் போடுகிறவர் நமக்கு முப்பது நாளில் பணம் போடுவாரா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அப்புறம் அவருக்கு இதற்குமுன் வேலை செய்த கடைக்காரரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே விசாரியுங்கள். அவர் ஏன் அந்தக் கடையை விட்டு நம்மிடம் வருகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

முன்பணம்: என் கணக்கு, காகிதக் காசு முதலில் வர வேண்டும். பழைய வாடிக்கையாளருக்கும் ஆர்டர் பெரிதாக இருந்தால் இதேதான். ‘எங்களை நம்ப மாட்டீங்களா?’ என்பார்கள். ‘உங்களை நம்புதேன் அண்ணாச்சி, காகிதக் கடைக்காரர்தான் என்னை நம்ப மாட்டேங்காரு’ என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போடுவார்கள்.

தவணை நாளை வாயால் பேசி விடாதீர்கள். மதிப்பீட்டுச் சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரே வரி: ‘சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முழுத் தொகை’. அதற்கு அவர் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகு மெஷினை ஓட்டுங்கள். கடன் வரம்பு ஒன்றையும் வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே நோட்டில் எழுதி வையுங்கள். இவருக்கு 40,000, அவருக்கு ஒரு லட்சம் என்று. பழைய பாக்கியோடு புது ஆர்டர் சேர்ந்து வரம்பைத் தாண்டினால் பழையது வந்த பிறகே புதியது.

இன்னொன்று, உத்யம் பதிவு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற பதிவு இது. இலவசம், இணையத்தில் நாமே செய்யலாம். 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். நம் மாதிரிக் கடைகள் எல்லாம் இதற்குள் அடங்கும். பாக்கி மாட்டிக்கொண்ட பிறகு பதிவு செய்து கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பில் தேதிக்கு முன்பே பதிவு இருந்தால்தான் வழக்காடும்போது சிக்கல் வராது. பதிவு எண்ணை பில்லின் தலையிலேயே அச்சிட்டுவிடுங்கள். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரக்கு இறக்கும்போது ஒரு கையெழுத்து

இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு டைரியும் ரிப்போர்ட் கார்டும் அடித்துக் கொடுத்தேன். 41,500 ரூபாய். பள்ளி திறக்கும் நேரம், அவசரம். பையன் ஆட்டோவில் கொண்டுபோய் ஆபீஸ் வராந்தாவில் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டு வந்துவிட்டான். சலான் புத்தகம் கடையிலேயே கிடந்தது. நான் இரண்டு வருடம் அலைந்தேன். அதற்குள் நிர்வாகம் மாறியது. ஆர்டர் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: ‘சரக்கு வாங்கினதுக்கு எங்க ஆள் கையெழுத்து ஏதாவது இருக்கா?’ இல்லை. பிள்ளைகள் கையில் என் அச்சகப் பெயர் போட்ட டைரி இருக்கிறது, என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அன்றிலிருந்து சலான் இல்லாமல் ஒரு கட்டு வெளியே போவதில்லை. சலானில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எத்தனை எண்ணிக்கை, வாங்கியவர் பெயர் தெளிவாக, கையெழுத்து, தேதி. கம்பெனி முத்திரையும் விழுந்தால் இன்னும் நல்லது. ‘வாங்கினேன்’ என்று கிறுக்கிவிட்டுப் போனால் பெயரைக் கேட்டு நீங்களே பக்கத்தில் எழுதுங்கள். இறக்கிய சரக்கை அங்கேயே வைத்து ஒரு போட்டோ எடுத்து, ஆர்டர் கொடுத்தவருக்கு ‘500 எண்ணம் ஒப்படைத்துவிட்டோம், குறை இருந்தால் சொல்லவும்’ என்று அனுப்பிவிடுங்கள். சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்கிறது 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். ஆறு மாதம் கழித்து ‘கலர் சரியில்லையே’ என்று இழுப்பவருக்கு அந்த போட்டோவே பதில்.

பில் எந்த மேசையில் கிடக்கிறது?

என் அனுபவத்தில் பாதித் தாமதத்துக்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. பில் யார் கையிலோ தூங்குகிறது. நாம் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்போம், அவர் ‘சொல்லிட்டேனே’ என்பார். உள்ளே போய்ப் பார்த்தால் பர்ச்சேஸ் பார்க்கிற தம்பியின் மேசை டிராயரில், டீ டம்ளர் வட்டம் பதிந்து, நம் பில் இருக்கும். கணக்குப் பார்க்கிற அக்காவிடம் கேட்டால் ‘எங்களுக்கு வரவே இல்லையே அண்ணாச்சி’ என்பார். அவர் சொல்வதும் உண்மை.

எனவே பில்லை சரக்கோடு விடாமல், தனியாகக் கணக்குப் பிரிவுக்குக் கொடுங்கள். மெயில் இருந்தால் மெயிலிலும். மூன்றாம் நாள் ஒரே ஒரு போன், அதுவும் பணத்துக்காக இல்லை: ‘பில் வந்துச்சாக்கா? நம்பர், ஜிஎஸ்டி எல்லாம் சரியா இருக்கா? பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் போட வேண்டியது இருக்கா?’ தப்பு இருந்தால் அன்றே திருத்திவிடலாம். கெடு முடியும் நாளில் ‘பில்லில் பெயர் தப்பு, மாத்தித் தாங்க’ என்று கேட்டு இன்னொரு மாதத்தை நீட்டும் வித்தை நடக்காது.

அதே போனில் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: எந்தத் தேதியில் பணம் போடுவார்கள்? சில இடத்தில் 10-ம் தேதியும் 25-ம் தேதியும், சில இடத்தில் சனிக்கிழமை மட்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் நம் பெயர் ஏற வேண்டும். பட்டியல் போட்ட மறுநாள் நாம் கத்திப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அக்காவின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதலாளி வீட்டுக்கு அல்வாப் பெட்டி அனுப்புகிறவர்கள் கணக்குப் பிரிவை மறந்துவிடுகிறார்கள்.

கேட்கிற நேரம், கேட்கிற விதம்

நம் ஊரில் பணம் கேட்கப் போவதற்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. காலையில் போணி ஆகும் முன் போய் நின்றால் முகம் சுருங்கும். வெள்ளிக்கிழமை காசு வெளியே போகாது. விளக்கு வைத்த பிறகு தர மாட்டார்கள். அஷ்டமி, நவமி வேறு. ஆடி மாதம் ‘யாவாரமே இல்ல’, மார்கழியும் அப்படியே. இதில் நிஜமான நம்பிக்கை உள்ளவர்களும் உண்டு, சாக்குச் சொல்பவர்களும் உண்டு. கையில் கொடுப்பதற்குத்தானே இதெல்லாம், வங்கிக்கு அஷ்டமி தெரியாது என்று நான் க்யூஆர் கோடை பில்லிலேயே அச்சடித்துவிட்டேன். நிஜ நம்பிக்கைக்காரர் ‘சனிக்கிழமை காலைல போட்டுருதேன்’ என்று சொல்லி அப்படியே போடுகிறார். நேரில் போவதாக இருந்தால் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் போங்கள். அவர் கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது கேட்காதீர்கள்.

பயிர்க்காலத்தையும் பார்க்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் பிழைக்கிற உரக்கடைக்கும் பம்புசெட் கடைக்கும் பிசான அறுவடை முடிந்து மாசி, பங்குனியில்தான் பணம் திரும்பும். ஐப்பசியில் அவரை நெருக்கி என்ன வரும்? இல்லாதவர் யார், இருந்தும் தராதவர் யார் என்று பிரித்துவிடுங்கள். இல்லாதவருக்குத் தவணை போட்டு எழுதி வாங்குங்கள். மாதம் 5,000 என்றாலும் சரி, தேதியோடு. இருந்தும் தராதவருக்குத்தான் அடுத்த பகுதி.

நினைவூட்டுச் செய்திகளை நான் நான்கு நாளில் அனுப்புகிறேன்: கெடுவுக்கு ஐந்து நாள் முன், கெடு நாள், ஒரு வாரம் தாண்டி, பதினைந்து நாள் தாண்டி. முதல் செய்தி இப்படி இருக்கும்:

‘வணக்கம் சார். பில் எண் 214, தொகை ரூ. 70,800, வரும் 18-ம் தேதி கெடு. பில் பிரதி இத்துடன் உள்ளது. நன்றி.’

மூன்றாவது செய்தி:

‘வணக்கம் சார். பில் எண் 214, ரூ. 70,800, கெடு தாண்டி 7 நாள் ஆகிறது. எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம் என்று இன்று தெரிவித்தால் எங்கள் காகிதக் கடைக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.’

இதில் கோபமோ கெஞ்சலோ இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘கொஞ்சம் பாத்துப் போடுங்க’ என்று எழுதினால் கொஞ்சம் பார்த்துத்தான் போடுவார்கள். தொகை, பில் எண், நாள் மூன்றும் ஒவ்வொரு செய்தியிலும் இருக்கட்டும். போனில் ஏதாவது தேதி சொன்னால், போனை வைத்ததும் ‘இப்போது பேசியபடி 27-ம் தேதி தருவதாகச் சொன்னீர்கள், குறித்துக்கொண்டேன்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் சொன்ன தேதி அவர் போனிலேயே கிடக்கும்.

கெடு தாண்டி முப்பது நாள் ஆனால்

சரக்கை நிறுத்துங்கள். இதில்தான் பெரும்பாலோர் வழுக்குவார்கள். ‘இந்த ஆர்டரையும் அடிச்சுக் கொடுங்க, ரெண்டுக்கும் சேர்த்துப் போடுதோம்’ என்பது பழைய பாக்கியை இரட்டிப்பாக்கும் வசனம். ‘பழையது வந்ததும் மறுநாளே மெஷின்ல ஏத்திருதேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பேச்சு முறிய வேண்டியதில்லை.

அதோடு ஒரு பாக்கி உறுதிக் கடிதம் வாங்குங்கள். மார்ச் 31 நெருங்கும்போது எல்லா வாடிக்கையாளருக்கும் இதை அனுப்புவது நல்ல பழக்கம், ஆடிட்டர் கேட்கிறார் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘மார்ச் 31 தேதியில் தங்கள் நிறுவனம் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ. 70,800 என்பது எங்கள் கணக்கு. சரிபார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் இட்டு ஒரு பிரதியைத் திருப்பித் தரவும்.’

இந்தக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் புதிதாக ஓடும். முடிந்த பிறகு வாங்கினால் இந்தப் பலன் இல்லை.

இதற்கும் அசையாவிட்டால் முதலாளியிடம் நேரில் ஒருமுறை, தனியாக. அதற்குப் பிறகு ஸ்பீட் போஸ்டில் எழுத்து மூலம் கோரிக்கை, 15 நாள் கெடுவோடு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெயரைப் போடுவது, ஆளை அனுப்பி மிரட்டுவது, கொடுத்த சரக்கை அள்ளிக்கொண்டு வருவது எல்லாம் வேண்டாம். பணம் கேட்கப் போன நாம் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

சட்டம் தரும் பிடிகள்

பில் தலையில் உத்யம் எண் போடச் சொன்னேன் இல்லையா? குறு, சிறு நிறுவனம் கொடுத்த சரக்குக்கோ சேவைக்கோ, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் பேசிய நாளுக்குள், அதுவும் 45 நாளுக்கு மேல் போகாமல், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இது மேலே சொன்ன 2006 சட்டத்தின் 15-ம் பிரிவு. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் ஐந்தரை சதவீதம் என்று வைத்தால் பதினாறரை. 70,800-க்கு ஒரு வருடத்தில் ஏறக்குறைய 12,600 ரூபாய் வட்டி.

நான் வட்டியைக் கேட்டு வாங்கியதில்லை. அடுத்த ஆர்டர் வேண்டுமே. ஆனால் கோரிக்கைக் கடிதத்தில் வட்டித் தொகையை எழுதி, ‘இந்த மாதத்துக்குள் அசலைத் தந்தால் வட்டியை விட்டுவிடுகிறோம்’ என்று முடித்தால் வேலை நடக்கிறது.

அடுத்த பிடி வருமான வரி. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்று ஒன்றைச் சேர்த்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 15 அல்லது 45 நாளைத் தாண்டி நிறுத்தி வைத்த தொகையை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். அதாவது மார்ச் முடியும்போது நம் பாக்கி கெடு தாண்டி நின்றால் அவருக்கு வரி கூடும். பிப்ரவரி கடைசியில் உத்யம் சான்றிதழ் நகலை அவர் ஆபீஸுக்கு அனுப்பி, ‘தங்கள் ஆடிட்டர் பார்வைக்கு’ என்று எழுதுங்கள். மீதியை அந்த ஆடிட்டரே நமக்காகப் பேசுவார். உத்தேச வருமான முறையில், அதாவது செலவுக் கணக்குக் காட்டாமல் விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டி, வரி கட்டும் சின்னக் கடைக்காரரிடம் மட்டும் இது எடுபடாது.

ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு பிடியும் செய்து கொடுக்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும்தான். சரக்கை வாங்கி அப்படியே விற்கிற கடை 2021 முதல் உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெற மட்டும். தாமதப் பணத்துக்கான உரிமை அதில் கிடையாது. ஹார்டுவேர், ஸ்டேஷனரி விற்பவர்கள் இதை நம்பி ஏமாற வேண்டாம்.

அவர்களுக்கும் பொதுவான பிடி ஜிஎஸ்டி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அவர் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை (நம் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 150-வது நாளில் இதை ஒரு வரியில் நினைவுபடுத்துங்கள்.

செக் வாங்கித் திரும்பிவிட்டால் நாள் கணக்கு முக்கியம். வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அதை அவர் பெற்ற 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ‘அடுத்த வாரம் போடுங்க, பாஸாகும்’ என்ற பேச்சில் அந்த 30 நாளைக் கோட்டை விட்டவர்கள் அதிகம்.

வேறு வழியே இல்லை என்றால், உத்யம் உரிமை உள்ளவர்கள், தாமதப் பணத் தகராறுகளைத் தீர்க்க அதே 2006 சட்டப்படி அமைந்த வசதியாக்கல் மன்றத்துக்குப் போகலாம். 2017-ல் தொடங்கிய சமாதான் இணையதளம் இதற்காக வந்ததுதான். மனு போடும் முறையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மன்றம் முதலில் சமரசம் பேசும், பிறகு தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துப் போகிற வாடிக்கையாளர் முக்கால் பங்குத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மற்றவர்கள் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம். கோர்ட் கட்டணம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால்தான் முடியும். சின்னத் தொகைக்கு சிவில் வழக்கு போடுவதற்கு முன் வக்கீல் செலவு, கடையை விட்டு அலையும் நாட்கள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால் 20,000-க்குக் கீழே நான் போக மாட்டேன்.

வராத கணக்கை முடிப்பது

சித்திரை முதல் தேதி புதுக்கணக்கு எழுதும்போது, வராது என்று தெரிந்ததைப் பழைய பேரேட்டிலேயே முடித்துவிடுங்கள். வாராக்கடனாகக் கணக்கில் எழுதித் தள்ளினால் வருமான வரியில் கழிக்கலாம், ஆனால் அதற்குச் சித்திரை வரை காத்திருக்காமல் ஆடிட்டரிடம் மார்ச்சுக்குள் சொல்ல வேண்டும். கட்டிய ஜிஎஸ்டி திரும்பாது. பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வையுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போன வருடம் ஆள் வந்தார். ஆண்டு விழா அழைப்பிதழ், 1,500 எண்ணம், நான்கு நாளில் வேண்டுமாம். மதிப்பீட்டைக் கொடுத்து, முழுத் தொகையும் முன்கூட்டியே என்றேன். ஒரு நிமிடம் பலகையைப் பார்த்தார். போனை எடுத்துப் பேசினார். மதியத்துக்குள் பணம் கணக்கில் ஏறியது, சாயங்காலம் பிளேட் போட்டோம். கட்டை எடுக்க வந்தபோது சலானில் கையெழுத்து வாங்கினேன்.